பழுதில்லை என்று எழுதிய மூன்று சீட்டுகள்

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மீட்டர் முள் காட்டாத எதுவும் இந்த உலகத்தில் இல்லை. இந்த மாபெரும் உண்மையை, பட்டறைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர்கள் கேட்காமலே முப்பது வருடமாக அறிவித்து வந்ததால்தான் அந்த ரிப்பேர்காரருக்கு ‘மீட்டர்’ என்றே பெயர் விழுந்தது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டின் பின்னறை மேஜையில், பிளக்கே சொருகாத பழைய வால்வு ஆம்ப்ளிபையரின் இடது ஸ்பீக்கர் லேசாக உறுமியபோது மீட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மழைச் சத்தம் என்று முடிவு செய்தார். வெளியே மழை பெய்துகொண்டும் இருந்தது, சௌகரியமாகப் போயிற்று.

ஆம்ப்ளிபையர் மச்சானுடையது; மனைவியின் அண்ணன். தனக்கு மட்டும்தான் காது இருக்கிறது, மற்றவர்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிக்கொள்ள இரண்டு கொக்கிகள்தான் என்று நம்பி வாழ்ந்தவர். பாட்டுப் போட்டால் மின்விசிறியை நிறுத்திவிடுவார். வந்த விருந்தாளியை மூச்சை மெதுவாக விடச் சொல்வார். மூன்று முறை அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “மாப்ள, இடது பக்கம் ஏதோ சரியில்ல” என்றார். மூன்று முறையும் மீட்டர் அதைத் திறக்கவே இல்லை. இரண்டு நாள் சும்மா வைத்திருந்துவிட்டு, ‘சோதித்தேன், பழுதில்லை’ என்று சீட்டெழுதி, கையெழுத்துப் போட்டு, அடியில் ஒட்டி அனுப்பினார். பழுது மச்சானின் தலைக்கனத்தில் என்பது அவருடைய தீர்ப்பு.

நான்காவது முறை மச்சான் வரவில்லை. தானே மூடியைக் கழற்றினார். இரண்டு கையும் உள்ளே இருந்தபடிதான் அவரைக் கண்டார்கள். “பாவம், விவரம் தெரியாம கைய வெச்சுட்டாரு” என்று எல்லோரும் சொன்னார்கள். மீட்டர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

மனைவிக்குச் சீட்டுகளைப் பற்றித் தெரியாது. தெரிந்துவிடவும் கூடாது. அண்ணன் ஞாபகமாக அது இந்த வீட்டில் பாடட்டும் என்று அவள் கொண்டுவரச் செய்ததும், முதல் வேலையாக மூன்றையும் உரித்துக் கால்சட்டையின் இடது பாக்கெட்டில் திணித்தார். அப்புறம் இடது கையையும் அதே பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். வால்வு செட்டுக்குள் நானூறு வோல்ட் ஓடும். ஒரு கைதான் உள்ளே போக வேண்டும்; இரண்டும் போனால் கரண்டுக்கு நெஞ்சு வழியாகப் பாதை கிடைத்துவிடும். தொழிலின் முதல் பாடம் இது. மச்சானுக்கு யாரும் சொல்லவில்லை.

மூடியைத் திறந்ததும் உருகிய மெழுகும், பல வருடத் தூசியும், அவற்றுக்கு அடியில் தீய்ந்த நகம் போன்ற ஏதோ ஒன்றும் கலந்த வாசனை எழுந்து அறையை நிறைத்தது. இடது பக்கத்தில் ஒரு சின்ன கெபாசிட்டர் ஒழுகியிருந்தது. பத்து நிமிட வேலை. பத்தே நிமிடத்தில் முடிந்தும் போனது; அதுதான் கசந்தது. பழைய வழக்கப்படி, இணைப்பின் நடுவே ஒரு பல்பை மாட்டி, பிளக்கைச் சொருகிச் சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது, ஷார்ட் இல்லை. நான்கு கண்ணாடிக் குழாய் வால்வுகளும் ஒவ்வொன்றாகச் சிவந்தன. இடது ஸ்பீக்கரின் உறுமல் தேய்ந்து, மெலிந்து, நின்றது.

உறுமல் நின்ற பிறகுதான் அதற்கு அடியில் இருந்தது கேட்டது.

மூச்சு. மிக மெதுவாக விடப்பட்ட மூச்சு.

ஆம்ப்ளிபையரோடு ரேடியோவோ டேப்போ எதுவும் இணைக்கப்படவில்லை. மீட்டர் பிளக்கைப் பிடுங்கினார். வால்வுகள் இருண்டன. கரண்டைச் சேர்த்துவைக்கும் பெரிய கெபாசிட்டரில் வோல்ட்மீட்டரின் முனைகளை வைத்தார். நானூறு. இருநூறு. நாற்பது. முள் நின்றது. பிறகு ஏறியது. பழைய கெபாசிட்டர் கொஞ்சம் திரும்ப ஏறும், அது அவருக்குத் தெரியும். நாலு வோல்ட், அஞ்சு வோல்ட் ஏறும்.

நூறு. முந்நூறு. நானூறு.

“மாப்ள” என்றது இடது ஸ்பீக்கர்.

பயம் வந்தது. கோபமும் வந்தது. கோபத்தைப் பிடித்துக்கொண்டார்.

“உயிரோட இருந்தப்பவே உங்க பேச்ச நான் கேக்கல மச்சான். இப்ப மட்டும் கேட்டுருவேனா?”

இடது வால்வுகள் இரண்டையும் பிடுங்கி மேஜையில் வைத்தார். ஸ்பீக்கர் கம்பியை இழுத்து அறுத்தார். இனி பேசு பார்ப்போம்.

மேஜையில் கிடந்த வால்வுகள் சிவந்தன.

“சீட்டு” என்றது ஸ்பீக்கர். இரைச்சலே இல்லை. அவ்வளவு சுத்தமான சத்தத்தை அவர் எந்த செட்டிலும் கேட்டதில்லை. “பாப்பா, சீட்ட கேளு.”

அடுக்களையில் பாத்திரம் உருண்டது. மனைவி கதவருகே வந்து நின்றாள். அவளைப் பாப்பா என்று கூப்பிட்டவர் ஒருவர்தான்.

“என்னங்க... அண்ணன் குரலுங்க அது.”

“ஹம்மு. வெறும் கரண்ட் உறுமல். நீ போ.”

“என்ன சீட்டு?”

“ஒண்ணுமில்லங்கறேன்ல? இப்ப நிறுத்திடறேன்.”

ஸ்குரூடிரைவரை வலது கையில் எடுத்தார். கெபாசிட்டரை ஒரே தட்டில் ஷார்ட் செய்துவிட்டால் கதை முடிந்தது. கையை உள்ளே விட்டார். பிடி வியர்வையில் வழுக்கியது. விரல்கள் நழுவி ஸ்குரூடிரைவரின் இரும்பில் பட்டன. ஒன்றும் ஆகவில்லை. ஒரு கைதானே.

பாக்கெட்டுக்குள் சீட்டுகள் சரசரத்தன.

அவர் இடது கை விரலை அசைக்கவில்லை.

குளிர்ந்த ஐந்து விரல்கள் அவருடைய விரல்களுக்கு நடுவே நுழைந்தன. கோத்துக்கொண்டன. இழுத்தன.

“இழுங்க” என்றார் மீட்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. “இழுங்க பாப்போம்.”

இடது கை வெளியே வந்தது. விரல் இடுக்கில் மூன்று சீட்டுகள். மனைவி தலையைச் சாய்த்துக் கையெழுத்தைப் படித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கை நிற்கவில்லை. மேஜையைத் தாண்டியது. வலது கை இன்னும் உள்ளே இருக்க, திறந்திருந்த பெட்டியின் விளிம்பைத் தாண்டியது.

இரண்டு ஸ்பீக்கரிலும் மூச்சு சரிசமமாக வந்தது.

இடது பக்கம் சரியாகிவிட்டது.