எந்த ஊர் எறும்பு?

“எந்த ஊர் எறும்பு அப்பிடிக் கடிக்கும்?”

வெள்ளவத்தையில், மழைக்கு ஒதுங்கியவர்களால் நிறைந்திருந்த அந்தப் புடவைக் கடைக்குள் கேள்வி கொஞ்சம் உரக்கவே விழுந்தது. துணிச் சுருளை விரித்துக்கொண்டிருந்த ரெனால்ட் நிமிர்ந்து பார்த்தான். நேற்று கிளினிக்கில் பக்கத்துக் கதிரையில் இருந்தவள்... வலது மணிக்கட்டில் பிளாஸ்டர். கன்னம் இரண்டும் செக்கச்செவேல். கண்கள் அழகானவைதான். ஆனால் அப்போது அவை சண்டைக்கு வந்திருந்தன.

லவினா கொட்டாஞ்சேனையில் ஒரு கேக் கடையில் கலியாணக் கேக்குகளுக்கு ஐசிங் பூப் போடுகிறவள். பையைப் பிழிந்து பிழிந்து பெருவிரல் பக்கம் வீங்கி, விரலை மடக்கவே முடியாமல் போனபோது டொக்டர் ஸ்டெரொய்ட் ஊசி போடச் சொன்னார். முழங்கைக்கு இரண்டாம் தரம் அதே ஊசி போட வந்திருந்தவன் ரெனால்ட். அவள் நடுங்குவதைப் பார்த்து, “எறும்பு கடிச்ச மாதிரித்தான் மிஸ், ஒண்டும் ஆகாது. ஏதும் எண்டா பக்கத்துப் புடவைக் கடையிலதான் நான் நிக்கிறன்” என்று தைரியம் சொல்லியிருந்தான். பொய் சொல்வதற்கு அவனிடம் எப்போதும் நல்ல காரணம் ஒன்று இருக்கும்.

“இரவு முழுக்க கை விண் விண் எண்டு குத்தினது. நித்திரையே இல்ல. காலமை பாத்தா முகம் இப்பிடி! கடையில எல்லாரும் ‘யாரடி அவன்’ எண்டு கேக்கிறாங்க.”

“யாரெண்டு சொன்னீங்க?”

“எறும்பு எண்டு.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

“அது ஊசி மருந்தால வாற சிவப்பு மிஸ், ரெண்டு நாளில போயிரும். கைக்கு ஐஸ் வையுங்க. எனக்கும் முதல் தரம் இப்பிடித்தான்...”

“அப்ப தெரிஞ்சுகொண்டுதான் சொன்னீங்க?”

“உள்ளதச் சொல்லியிருந்தா ஓடியிருப்பீங்க தானே?”

ஓடித்தான் இருப்பாள். அது உண்மை என்பதால் கோபம் இன்னும் கூடியது.

சிவப்பும் போனது, நோவும் போனது. ஒரு கிழமைக்குள் பெருவிரல் மடங்கியது. அதை அவனுக்குக் காட்டுவதற்கென்றே கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். போனில் சொல்லியிருக்கலாம்... சொல்லத் தோன்றவில்லை. பதிலுக்கு ரெனால்டுக்கு அந்தோனியார் மேல் திடீரென்று பக்தி வந்தது. செவ்வாய்க்கிழமை தவறாமல் பாமன்கடை வீட்டிலிருந்து, அவள் கடைக்குக் கிட்ட இருந்த கொச்சிக்கடைக் கோயிலுக்கு வந்தான். அவளுக்குப் பக்கத்தில் நின்று மெழுகுதிரி கொளுத்தினான். கண்ணை மட்டும் மூடவில்லை.

“இந்த வெக்கையில என்னத்துக்கு எப்பவும் நீட்டுக் கைச் சேர்ட்?” என்று அவள் கேட்பாள்.

“புடவைக் கடைக்காரன் தானே... ஸ்டைல்!”

மூன்றாம் மாதம் லவினாவின் மணிக்கட்டில், ஊசி போட்ட இடம் வெளுத்துக்கொண்டு வந்தது. சேர்ட் பொத்தான் அளவில் ஒரு வெள்ளை, நடுவில் சின்னக் குழி. சிலருக்கு அப்படி ஆகும் என்று டொக்டர் முதலே சொன்னவர்தான். அன்று அவள் கவனமெல்லாம் ஊசி முனையில் இருந்தது. இப்போது நினைவு வந்தது. சரி, விரல் மடங்குகிறதே என்று விட்டுவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரெனால்ட் கோயிலுக்குத் தன் தாயைக் கூட்டிவந்தான். நேசம் நல்ல மனுஷி. ஆசையோடு லவினாவின் கையைப் பிடித்தாள். பிடித்தவளின் பார்வை அந்த வெள்ளையில் போய் நின்றது.

“இது என்ன மகள்?”

லவினா வாய் திறக்குமுன் ரெனால்ட் முந்திக்கொண்டான். “அது அடுப்புல சுட்டது மம்மி.”

“சுடல்ல அன்ரி, ஊசி போட்டது” என்றாள் லவினா.

நேசம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேரும் ரெண்டு கதை சொல்றீங்க...” என்றாள் மெதுவாக. அவளுடைய தங்கைக்கு வெண்புள்ளி வந்து, பேசி வந்த கலியாணமெல்லாம் முறிந்ததைக் கண்ணால் கண்டவள். பிடித்த கையை விட்டுவிட்டாள்.

கோயில் வாசலில் லவினா அவனை நிறுத்தினாள்.

“ஊசி எண்டு சொல்ல என்ன வெக்கம்?”

“மம்மி பயந்திருவாங்க எண்டு...”

“எனக்கு எறும்புக் கதை. மம்மிக்கு அடுப்புக் கதை. நாளைக்கு எனக்கு என்ன கதை வச்சிருக்கிறீங்க ரெனால்ட்?”

அவள் திரும்பிப் பாராமல் நடந்தாள். அதன்பிறகு அவன் அழைத்தபோதெல்லாம் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதனால்தான் இவ்வளவு கோபம். இல்லாவிட்டால் யாரோ ஒருவன் பொய் சொன்னதற்கு ஒரு மனுஷி அழுவாளா...

அன்றும் மழைதான். கேக் கடையில் அவள் ஒரு ரோஜாவின் கடைசி இதழைப் பிழிந்துகொண்டிருந்தாள். “எறும்பு வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு முதலாளி ஷெரோமி அக்கா உள்ளே போய்விட்டாள்.

நனைந்துபோய் நின்றான் ரெனால்ட். அரைக்கைச் சேர்ட்! அவள் கோபத்தை மறந்து பார்த்தாள். அவனுடைய முழங்கையிலும் அதே வெள்ளை... அவளுடையதை விடப் பெரிது.

“முதல் ஊசிக்கே வந்தது. மம்மிக்குக் காட்டப் பயந்துதான் நீட்டுக் கை போட்டனான். உங்களுக்கும் வரலாம் எண்டு தெரியும். தெரிஞ்சுதான் ஒண்டும் ஆகாது எண்டு சொன்னனான்.”

“இப்ப?”

“நேத்து மம்மிக்குக் காட்டினன். அழுதாங்க. டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனன். மெல்ல மெல்ல நிறம் வருமாம்.” கொஞ்சம் தயங்கினான். “சிலருக்கு வராமலும் போகுமாம்.”

அந்தக் கடைசி வசனத்தை அவன் விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

“மம்மி என்ன சொல்றாங்க?”

“இன்னும் ஓம் எண்டு சொல்லேல்ல. ‘நீ முதலே உண்மையச் சொல்லியிருந்தா அந்தப் பிள்ளையின்ட கைய விட்டிருக்க மாட்டன்’ எண்டு ஏசினாங்க.” மூச்சை இழுத்துக்கொண்டான். “லவினா... நான் உங்கள விரும்புறன். இதுல கதை ஒண்டும் இல்ல.”

வெளியே மழை கொட்டியது. அவள் ஐசிங் பையைக் கீழே வைத்தாள்.

“உங்களக் கட்டினா நோகுமா?”

“எறும்பு...” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். அவள் கண்களை நேரே பார்த்தான்.

“ஓம். சில நாளைக்கு நல்லா நோகும்.”

அவள் தன் மணிக்கட்டை அவன் முழங்கையோடு சேர்த்து வைத்தாள். கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்று சிவந்தன. ஊசி போட்டு மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“அப்ப சரி” என்றாள்.