நீலப் பெட்டி இருந்த இடம்

காலை 9.10. ஆனையூரில் செவ்வந்தி ஆட்டிசம் ஆய்வு அறக்கட்டளையின் ஹாலைத் திறந்த ஆன்சி, மூலை மேசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நீலப் பெட்டியைக் காணோம்.

கரண்டில் ஓடும் சின்னக் குளிர்பெட்டி அது. திருவாதவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளிடம் ஆராய்ச்சிக்காகச் சேகரித்த ரத்த மாதிரிகள் உள்ளே இருந்தன. பதினோரு மணிக் கூட்டத்துக்குப் பெங்களூரு ஆய்வாளர்கள் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. அதே கூட்டத்தில்தான், அறக்கட்டளையை ஆரம்பித்த யேசுதாஸ் தலைவர் பதவியிலிருந்து இறங்க, ஆன்சி பொறுப்பேற்பதாகவும் இருந்தது.

எஸ்.ஐ. முனீஸ்வரி வந்து சேர மணி பத்தாகிவிட்டது. தங்கச் செயினும் டூவீலரும் தேடித் தேடிச் சலித்தவளுக்கு இந்தக் களவு புதுசாக இருந்தது. ரத்தத்தைத் திருடி எவன் என்ன செய்வான்? குழம்பா வைக்க முடியும்?

“கெட்டுப்போனா மறுபடி எடுத்துக்கலாம்ல?”

ஆன்சிக்குக் கண் கலங்கியது. “ஊசியப் பார்த்தாலே அலறுற பிள்ளைக மேடம். பொம்மைக்கு ஊசி போட்டுக் காட்டி, பழக்கிப் பழக்கித்தான் எடுத்தோம். என் மகனும் அதுல ஒருத்தன். இன்னொரு தடவைன்னா எந்தத் தாய் சம்மதிப்பா?”

பூட்டு உடையவில்லை. சாவி மூன்றே பேரிடம்: ஆன்சி, யேசுதாஸ், வாட்ச்மேன் முத்துக்கருப்பன்.

“இதுல விசாரிக்க என்னம்மா இருக்கு?” என்றார் யேசுதாஸ். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். குரலில் இன்னும் பிரம்பு இருந்தது. “வேலியே பயிரை மேஞ்சிருச்சு. இவனக் கூட்டிட்டுப் போங்க.”

முத்துக்கருப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். “சத்தியமா நான் இல்லம்மா. வெளி கேட்டுதான் என் காவல். அவசரத்துக்குன்னு சாவி குடுத்தாகளே ஒழிய, ஹால் வாசப்படியத் தாண்டுனதே இல்ல. களவாணிப் பட்டத்தோட நான் எப்பிடி ஊருக்குள்ள போவேன்?”

முனீஸ்வரி மேசையருகே போய்க் குனிந்தாள். பெட்டி இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் அட்டை. அதில் சூரியன் படம். கீழே சுவரில் பிளக் பாயிண்ட் காலியாக இருந்தது. பெட்டியோடு ஒயரும் போயிருந்தது.

“இது என்ன அட்டை?”

“இங்க வர்ற பேச்சு வராத பிள்ளைகளுக்காக வச்சது மேடம். தினம் பார்க்கிற பொருள் திடீர்னு இல்லாட்டித் தவிச்சுப் போயிருவாங்க. எதை எடுத்தாலும் அந்த எடத்துல அட்டை வைக்கணும். சூரியன்னா நாளைக்கு வரும். சிவப்புப் பெருக்கல் குறின்னா இனி வராது. அட்டைல பொய் சொல்லக் கூடாதுங்கிறது யேசுதாஸ் சார் போட்ட சட்டம்.”

“இத யாரு வச்சான்னு நீங்க யோசிக்கலையா?”

“இங்க திரும்புன பக்கமெல்லாம் அட்டைதான் மேடம். கண்ணுக்குப் பழகிப் போச்சு.”

“இன்னைக்கு நீங்க எந்த அட்டை வைக்கிறதா இருந்தீங்க?”

ஆன்சி கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். சிவப்பு. “பெட்டி பெங்களூருக்குல்ல போகுது!”

மணி 10.40. முனீஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு யேசுதாஸுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“பெட்டி எங்க சார்? உங்க வீட்லயா?”

“என்னம்மா பேசுறீங்க?”

“ஒயரையும் சேர்த்து எடுத்தவங்களுக்கு ரத்தம் கெடக் கூடாதுங்கிற அக்கறை இருக்கு. முத்துக்கருப்பனுக்கு ஹாலுக்குள்ள என்ன வழக்கம்னே தெரியாது. ஆன்சி மேடத்துக்குப் பெட்டி போனா தலைமையும் போச்சு. அவங்க வச்சிருந்தாலும் சிவப்புதான் வச்சிருப்பாங்க. பெட்டி நாளைக்கு வரும்னு தெரிஞ்ச ஆளு மிச்சம் ஒருத்தர்தான். இன்னைக்குக் காணாமப் போயிட்டா, ஒரு பெட்டியப் பாதுகாக்கத் தெரியாதவளா தலைவர்னு கூட்டத்துல கேப்பாங்க. நீங்களே இருங்க சார்னு கெஞ்சுவாங்க. நாளைக்கு நீங்களே கண்டுபிடிச்சுக் குடுப்பீங்க.”

யேசுதாஸ் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து ஆன்சியிடம் நீட்டினார்.

“மாடி ரூம்ல இருக்கும்மா. ஓடிக்கிட்டுதான் இருக்கு. நான் இல்லாட்டி இந்த எடம் நடக்காதுன்னு நெனச்சுட்டேன்.”

ஆன்சி சாவியை வாங்கிக்கொண்டு ஓடினாள். முனீஸ்வரிக்கு ஒரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

“மாட்டிக்குவோம்னு தோணலையா சார்? அந்த அட்டைய ஏன் வச்சீங்க?”

“பிள்ளைக வந்து பெட்டியத் தேடி அழுவாகல்லம்மா. சிவப்ப வச்சாப் பொய்யாயிரும். பிள்ளைககிட்டப் பொய் சொல்லக் கூடாது.”

“முத்துக்கருப்பன் மேல மட்டும் சொல்லலாமா?”

யேசுதாஸ் நிமிர்ந்து பார்த்தார். வாசற்படிக்கு வெளியே முத்துக்கருப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். யேசுதாஸ் எழுந்து அவரிடம் போனார்.