உறங்குபவளின் சம்மதம்

விழித்ததும் அந்தக் கூடத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது தங்கள் கைகளைத்தான். கடந்த எட்டு மணி நேரம் அவை என்ன செய்தன என்று அவர்களுக்குத் தெரியாது. பியூலாவும் பார்த்தாள். கையுறையில் மீன் செதில் இல்லை. அட்டைப்பெட்டியின் தூசுதான் இருந்தது. ஆள் மாறி நின்ற ப்ராக்ஸி பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள். இசக்கிராஜ் நிற்கவேண்டிய இடத்தில் ஆள் இல்லை. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். நீர் இன்னும் வடிந்து முடியவில்லை.

துயில்வளையம் வந்த பிறகு கல்லூரி விடுமுறை என்பதே வேறு பொருளாகிவிட்டது. வளையத்தை மணிக்கட்டில் மாட்டினால் பத்து நொடியில் மனம் உறங்கிவிடும். உடல் மட்டும் நடந்துபோய்த் தன் இடத்தில் நின்று, முதல் மூன்று நாள் உறக்கத்திலேயே பழக்கிய உடற்பாடத்தை எட்டு மணி நேரம் பிசகாமல் செய்யும். விழிக்கும்போது நன்றாகத் தூங்கி எழுந்த தெளிவு இருக்கும். மிச்சம் பதினாறு மணி நேரம் ஊர் சுற்றலாம். வடதுருவத்தை ஒட்டிய அந்தத் தீவில் கோடை முழுக்கச் சூரியன் மறைவதில்லை என்பதால் சுற்றுவதற்குத் தடையும் இல்லை. ‘உறங்கும் நேரம் வேலை, விழித்த நேரம் உலகம்’ என்று திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் பியூலாவும் அவள் வகுப்புத் தோழன் இசக்கியும் அந்த மீன் ஆலைக்கு வந்தார்கள்.

உறங்கியவருக்கு வலி தெரியாது. வலி விழித்தவருக்குத்தான். மீனைத் தூக்கித் தலைவெட்டி இயந்திரத்தில் வைப்பது பியூலாவின் பாடம். ஐந்தாவது வாரம் அவளால் வலது தோளை உயர்த்த முடியவில்லை.

“ஏட்டி, தலை சீவக் கை எழும்பல. இந்த லட்சணத்துல பனியாறு பாக்கப் போறியாக்கும்?” என்று இசக்கி கேட்டான்.

“நான் தூங்கைல எவளோ என் கைய ஒடிச்சு வேலை பாக்கா. நான் என்ன செய்ய?”

“நாலு நாளைக்கு என் வளையத்தப் போட்டுக்க. ஒன் இடத்துல நான் நிக்கேன். எனக்குச் சும்மா பெட்டி இழுக்குற வேலதான.”

“கண்டுபிடிச்சிட்டாம்னா?”

“மூணு வருசமா கிளாஸ்ல எனக்கு நீ ப்ராக்ஸி குடுக்கியே, எவன் கண்டுபிடிச்சான்?”

பாடம் வளையத்துக்குள் இருக்கிறது என்று இருவரும் நினைத்தார்கள். வளையம் காட்டுவது இடத்தை மட்டும். பாடம் உடம்பில் இருந்தது. ஆறு நொடிக்கு ஒருமுறை நீண்டு பெட்டியை இழுக்க இசக்கியின் இடது கைக்குத் தெரியும். பியூலாவின் இடத்தில் இடது பக்கம் இருந்தது தலைவெட்டி. கை போன பிறகும் வளையம் அவனை விழிக்கவிடவில்லை. கூடத்தில் மற்ற முப்பத்தொன்பது பேரும் உறக்கத்தில் நின்றார்கள். இருபது நிமிடம் கழித்துத்தான் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினார். அதற்குள் அவன் இறந்துவிட்டான்.

மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். தமிழ் மாணவர்களுக்குப் பொறுப்பாளர் சபாநாயகம் ஒரு தாளை நீட்டினார். துயில்வளையம் வந்த முதல் பருவத்தில் மாணவராக வந்து, அங்கேயே வேலையில் தங்கிவிட்டவர் அவர்.

“இதுல ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சதும்மா.”

‘நான் உறக்கத்தில் இருந்தேன். எனக்கு எதுவும் தெரியாது. இறந்தவர் தம் பிழையால் இறந்தார்.’

“அவன் பிழை இல்ல சார். வளையத்த மாத்திக்கிட்டோம். என் தோளுக்காக.”

சபாநாயகம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “இதை எழுதினா உங்க படிப்புக்கு ஆபத்து.”

“இருக்கட்டும் சார். அவங்கம்மா பால்வாடி டீச்சர். ஊர்ல அத்தன பிள்ளைகளுக்கும் கத்தியத் தொடாதன்னு சொல்லி வளத்தவங்க. எம்மவன் எப்படிக் கைய விட்டாம்னு என்கிட்டதான் கேப்பாங்க. அவன் பிழைன்னு எழுதுன தாள அவங்க கையில நான் குடுக்க மாட்டேன்.” அவள் தாளைத் தள்ளிவைத்தாள். “ஒவ்வொரு இடத்துலயும் நிறுத்துறதுக்கு ஒரு பொத்தான் வச்சா என்ன கொறஞ்சுபோச்சு? ஒரு ஆளாவது அழுத்தியிருக்கும்லா?”

சபாநாயகம் மறுபடி நாற்காலியில் வந்து அமர்ந்தார். பிறகு கணித்திரையை அவள் பக்கம் திருப்பினார்.

திரையில், பழைய ஒருநாள் பதிவில், கூடம் தெரிந்தது. அரைக்கண் மூடி நிற்கும் தன்னையே அவள் முதன்முதலாகப் பார்த்தாள். அந்தப் பெண் மீனைத் தூக்கினாள், வைத்தாள். உடனே வலது கட்டைவிரலை இடுப்பளவில் இருந்த ஓர் இரும்புத் தகட்டில் அழுத்தினாள். மறுபடி தூக்கினாள், வைத்தாள், அழுத்தினாள். அடுத்தவனும் அழுத்தினான். வரிசை முழுக்க அழுத்தியது. வெறும் தகடு அது. நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன.

“முதல் பருவத்துல அங்க சிவப்புப் பொத்தான் இருந்தது. ஆபத்துன்னா அழுத்தணும்னு உடம்புக்குப் பாடமும் குடுத்தாங்க. முதல் நாள் பத்தே நிமிஷத்துல நாங்க நாப்பது பேரும் அழுத்திட்டோம். ஆபத்து ஒண்ணுமே இல்ல. மறுபடி ஓட்டினாங்க, மறுபடி அழுத்தினோம். ஒரு வாரம் பாத்துட்டுப் பொத்தானைக் கழட்டிட்டாங்க.”

“பாடத்த எடுக்கலயா?”

“பாடம் கட்டாயம்னு சட்டத்துல இருக்கு. பொத்தானைப் பத்தி ஒண்ணும் எழுதல.”

அவர் விபத்து நாளுக்கு வந்தார். விபத்துக்கு முன்பும் எல்லோரும் அழுத்திக்கொண்டிருந்தார்கள், பின்பும் அழுத்தினார்கள். அலுவலகத்தில் திரையைப் பார்த்திருந்தவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. பெட்டி வரிசையில் இசக்கியின் இடத்தில் நின்ற ஒருத்தியின் கட்டைவிரல் மட்டும் அந்த நொடிக்குப் பிறகு தகட்டைவிட்டு எடுபடவே இல்லை. இருபது நிமிடமும் அவள் தகட்டை அழுத்தியபடியே நின்றாள்.

பியூலா தாளில் இருந்ததை அடித்துவிட்டு, வளையம் மாற்றியதை ஒரு வரியில் எழுதினாள். அதன் கீழே, ‘இயந்திரத்தை நிறுத்த முயன்றேன்’ என்று எழுதினாள்.

“நீங்க தூங்கிட்டு இருந்தீங்கம்மா.”

“ஆமா சார். தூங்கிக்கிட்டே நிப்பாட்டப் பாத்திருக்கேன்.”

“இப்படி எழுதினா, அங்க நிக்கிறது வெறும் உடம்பு இல்ல, அதுவும் ஒரு ஆளுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்.”

“ஆளுதான் சார்.”

வழக்கு அந்நாட்டுத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போனது. மூன்றே வாரத்தில் தீர்ப்பு வந்தது. இறந்தவர்மீது பிழை இல்லை. உறங்குபவரும் விருப்பு வெறுப்புள்ள ஒரு நபரே. இனி அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அவரிடம் வேலை வாங்கக் கூடாது. நிறுவனம் மேல்முறையீடு செய்யவில்லை. மாணவர்கள் உணவுக்கூடத்தில் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். பருவம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

கல்லூரி அவளை ஒரு பருவத்தேர்வு எழுதவிடவில்லை. அவள் அதற்காக வருந்தவில்லை. தீர்ப்பின் தமிழ்ப்படியை இசக்கியின் அம்மாவிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அம்மாள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். “அப்ப அவன் கவனமாத்தான் இருந்திருக்கான், என்னா?” என்றார். “ஆமா அத்தை” என்றாள் பியூலா.

பங்குனி மாதம் அவள் பெயருக்கு ஓர் உறை வந்தது. உள்ளே அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தமும் பயணச்சீட்டும் இருந்தன. அடியில் ‘உறங்குபவர் சம்மதம்’ என்ற இடத்தில் அவள் கையெழுத்து இருந்தது. அவள் போடுவதைவிடத் திருத்தமாக இருந்தது. தேதி, தீவில் அவள் கடைசியாக வேலைக்கு நின்ற நாள்.

அவள் சபாநாயகத்தைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“நான் இதைப் போடல சார்.”

“நீங்க போடலம்மா. தீர்ப்பு வந்த மறுநாளே தூக்கத்துல கையெழுத்துக்கும் ஒரு பாடம் குடுத்தாங்க. ஒருத்தர்கூட மறுக்கல.”

“நான் வரமாட்டேன்னு எழுதிக் குடுத்தா?”

“மத்த பிள்ளைங்க குடுத்துப் பாத்தாச்சும்மா. சம்மதம் சொன்னது தூங்குற ஆளாம், அது வேற நபராம். அவங்களுக்காக நீங்க மறுக்க முடியாதாம்.”

“சார், அது நான்தான!”

“அவங்க தனி ஆளுன்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க.”