பன்னிரண்டு தொட்டிகளும் ஒரு செருப்பும்

"நிறுத்துங்க!"

தமிழ்வேந்தன் குரல் கொடுப்பதற்குள் கத்தி வாரை அறுத்துவிட்டது.

நல்ல மழை. பல்கலைக்கழகத்தின் பின்வாசலில் மறுசுழற்சிக் கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. இயற்பியல் துறையிலிருந்து குடையில்லாமல் ஓடி வந்திருந்தான்.

மேசைக்குப் பின்னால் ஒருத்தி. ஒரு கையில் கத்தி, மறு கையில் மெரூன் நிறச் செருப்பு. பெரிய கண்கள்... மிரண்டு போய் அவனையே பார்த்தன.

"ஒத்தச் செருப்பு சார்... சாம்பிள்தானே?"

அவள் கேட்டதில் தப்பில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிகள் வெளிநாட்டுக்குச் சாம்பிள் அனுப்புவது ஒற்றைக் காலாகத்தான். சீசன் முடிந்தால் மிச்சமெல்லாம் மூட்டை மூட்டையாகக் கழிவுக்கு வரும். இந்தப் பக்கம் பிறந்த யாருக்கும் ஒற்றைச் செருப்பைப் பார்த்தால் வேறு நினைப்பு வராது. அன்று துறை அலமாரிகளையெல்லாம் காலி செய்திருந்தார்கள். அவனுடைய அலமாரியின் அடித்தட்டையும் சேர்த்து.

"சாம்பிள் இல்ல. என் வொய்ஃபோடது."

"ஐயோ... ஸாரி சார். அவங்க நம்பர் குடுங்க. நானே பேசி மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"அவ இல்ல. ரெண்டு வருஷம் ஆச்சு."

கத்தி மேசையில் விழுந்தது.

வாலாஜாபேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய வழி. பைக். லாரி. ஆஸ்பத்திரியில் மனைவி தேவகியின் பொருள்கள் என்று ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். அதில் ஒரு கால் செருப்புதான் இருந்தது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை. துறை அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தான். அன்றிலிருந்து அவன் அழவில்லை, கோபப்படவில்லை. பாடம் நடத்தினான். அவ்வளவுதான்.

இப்போது உள்ளே ஏதோ பிய்த்துக்கொண்டு வந்தது.

"குப்பை பொறுக்கறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது!"

சொன்னது நானா? அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது.

அவள் முகம் வெளுத்தது. குரல் மட்டும் தடுமாறவில்லை.

"எம்.எஸ்சி. படிச்சிட்டுதான் சார் பொறுக்கறேன். எங்கப்பா ஷூ கம்பெனில கட்டிங் மாஸ்டர். இங்க வர்ற பொருள்மேல யார் மனசும் லேபிள் ஒட்டி வர்றதில்ல."

மெர்சி என்று அவள் அடையாள அட்டையில் இருந்தது. அதற்குமேல் நிற்க முடியவில்லை அவனுக்கு. செருப்பை வாங்காமலே மழைக்குள் நடந்தான்.

மன்னிப்பு கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை போனான். மன்னிப்புக்குப் பதில் கையிலிருந்த பழைய பேப்பர் கட்டை நீட்டினான். அவள் வாங்கிப் பிரித்துத் தொட்டியில் போட்டாள். ஒரு பார்வைகூட இல்லை. அடுத்த வெள்ளியும் போனான். அதற்கடுத்ததும்...

நாலாவது வெள்ளி மறுபடி மழை. அவன் கொடுத்த பையைக் கவிழ்த்தவள் நிமிர்ந்தாள்.

"இன்னா சார் இது?"

"பேப்பர்."

"ஒரு எழுத்துகூட எழுதல! புது நோட்ட கிழிச்சு எடுத்தாந்திருக்கீங்க!"

மாட்டிக்கொண்டான். காது சுட்டது.

"தனி ஆளு. மாசத்துக்கு ரெண்டு கிலோ சேந்தாலே ஜாஸ்தி. உங்க வீட்டுக் குப்ப லேடீஸ் ஹாஸ்டலையே தாண்டிடும் போலிருக்கு! குப்பைய கம்மி பண்ணத்தான் எனக்குச் சம்பளம். பேஜார் பண்றீங்களே சார்!"

அவள் உதட்டோரம்... சிரிப்பா? அவனும் சிரித்துவிட்டான். அந்தச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டான். யாருடைய சிரிப்பு இது?

"வீட்ல குப்பையே சேரல. அதான்... அன்னிக்கு நான் சொன்னது தப்பு மெர்சி. மன்னிச்சிருங்க."

"இத சொல்லவா நாலு வாரம்?"

அவள் உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். திறந்தாள். மெரூன் செருப்பு. தூசி போகத் துடைத்திருந்தது. அறுந்த வார் பக்கத்திலேயே.

"எனக்குத் தைக்கத் தெரியும். தைக்கல. கேக்காம ஒரு தடவ கைய வெச்சதே போதும். தூக்கிப் போடவும் மனசு வரல. இங்க பன்னண்டு தொட்டி இருக்கு சார்... எதுலயும் இது சேரல."

அவன் கண்கள் நிறைந்து வழிந்தன. இரண்டு வருடத்தில் முதல் தடவை. அவள் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள்.

மழை கொஞ்சம் விட்டது. பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

"அடுத்த வெள்ளி... குப்ப இல்லாம வந்தா உள்ள விடுவீங்களா?"

"எதுக்கு வரணும்?"

"உங்கள பாக்க." சொல்லிவிட்டுப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "மொத வாரம் மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன். அப்புறம் அது சாக்காயிடுச்சு. எனக்கே பயமா இருக்கு மெர்சி... ஆனா நெஜம்."

அவள் குனிந்துகொண்டாள். எழுதாத தாள்களை ஒவ்வொன்றாக நீவி அடுக்கினாள். பிறகு கண்கள் மட்டும் மெல்ல நிமிர்ந்தன.

"வெறுங்கையோட வராதீங்க. டீ வாங்கியாங்க. பேப்பர் கப்புல வந்துச்சு... கேட்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

"தூக்குல கொண்டாறேன். டம்ளர்?"

"ரெண்டு இருக்கு." அவள் குரல் தகரக் கூரையின் சொட்டுச் சத்தத்தைவிட மெதுவாக வந்தது. "போன வெள்ளியே வீட்லர்ந்து எடுத்தாந்து வெச்சிட்டேன்."