ஊதா எழுபத்தெட்டு

வாசலில் இருந்த நிறமானி மரகதவல்லியின் மணிக்கட்டைப் படித்துப் பதினொன்று என்று காட்டியது. நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களை மருத்துவமனைக்குள் விடமாட்டார்கள்.

எல்லோரையும் போல அவளுடைய மணிக்கட்டுத் தோலிலும் மருந்து நுண்ணுயிர்கள் குடியிருந்தன. அவை சுரக்கும் ஊதா நிறமி, எந்த மாத்திரைக்கும் அடங்காத கிருமிகளைக் கொன்றது. ஊதா அடர்ந்திருந்தால் காவல் பலமாக இருக்கிறது என்று விதி எழுதியிருந்தார்கள். பெண் பார்க்க வருபவர்கள்கூட முதலில் மணிக்கட்டைத்தான் பார்த்தார்கள்.

உள்ளே கண்ணாடி அறையில் அவள் மகள் பூவிழி இருந்தாள். பன்னிரண்டு வயது. எலும்பு மஜ்ஜை மாற்றிப் பதிமூன்று நாள் ஆகிறது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லை. இன்று நாலு மணிக்கு, முதன்முறையாக, பத்து நிமிடம் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது.

"ரெண்டு வாரமா கொதிச்ச தண்ணியிலதான் கை கழுவுதேன், அண்ணாச்சி. வெளியில ஒரு டீகூடக் குடிக்கல."

"அதனாலதான் வெளுத்துட்டு, தாயி," என்றார் காவலாளி ஜெபராஜ். எதிரி இருந்தால்தான் அந்த நுண்ணுயிர்கள் நிறமி சுரக்கும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும் என்று விளக்கினார். விதி எழுதியவர்களுக்கு இது தெரியாதா என்று அவள் கேட்டாள்.

"எழுதினவங்க வாசல்ல நிக்கலையே."

பிறகு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓடிய சாக்கடையைக் காட்டினார். "மணிக்கட்டை முக்கிட்டுக் கால்மணி நேரம் உக்காருங்க. சுத்தமான ஆளுவ எல்லாம் அங்கதான் போறாவ."

உள்ளே போனதும் கழுவிக்கொள்ளலாம் என்று எண்ணிப் போனாள். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கால்மணி நேரம் கழித்து வாசலுக்குத் திரும்பியபோது நிறமானி எழுபத்தெட்டு காட்டியது. கதவு திறந்தது.

உள்ளே சோப்புப் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினாள். ஊதா குறையவில்லை. கிருமி இன்னும் போகவில்லை என்றுதானே அர்த்தம்? அல்லது நிறம் மங்கத்தான் நேரமாகுமோ? அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கடிகாரத்தில் நாலு அடித்துவிட்டது.

அறை வாசலில் நின்ற நர்ஸ் அவள் மணிக்கட்டைத் திருப்பி, கையிலிருந்த சின்ன நிறமானியை வைத்துப் பார்த்துச் சிரித்தாள். "எழுபத்தெட்டா? தாராளமா பிள்ளையத் தொடலாம்மா. மூணு நாளா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

பூவிழி போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினாள். மரகதவல்லி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நீட்டிய கை சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு போர்வைக்குள் போய்விட்டது.

"என் சீக்கு ஒட்டிக்கிடும்னு பயப்படுதியாம்மா?" என்று கேட்டாள் மகள்.