தற்காலிக அலறல்

பத்துப் பேரில் ஒன்பது பேருடைய கோடுகள் ஒழுங்காக இருந்தன. ஏழாம் நாற்காலியின் கோடு மட்டும் ஏறக்கூடாத இடத்தில் ஏறியிருந்தது.

சினிமாவில் வரும் கொலையும் அடிதடியும் பார்ப்பவர் மனதை எந்த நொடியில் உசுப்புகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. படம் வெளிவருமுன் பத்துப் பேரை உட்காரவைத்து, ஆளுக்கொரு விரலில் கிளிப் மாட்டி, நாடித்துடிப்பு எங்கே எகிறுகிறது என்று குறித்துத் தருவாள். இந்தக் காட்சியில் ஒருவன் சமையலறையில் மனைவியைக் கொல்கிறான். மற்றவர்களுக்குக் கத்தியைக் கண்டதும் எகிறியது. ஏழாம் ஆளுக்கு அந்த மனைவி கரண்டியால் கிண்ணத்தைத் தட்டும்போது எகிறியது. தொண்டையைக் கனைக்கும்போது, செருப்பைத் தேய்த்து நடக்கும்போது எகிறியது. அந்த மனைவி செத்து விழுந்ததும், வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தவனைப் போல அமைதியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஸ்டூடியோவில் ஈ காக்கை இல்லை. அந்தச் சின்னச் சத்தங்களில் என்னதான் இருக்கிறது என்று போட்டுக் கேட்கலாமென்று அவள் பக்கத்து மிக்ஸிங் ரூமுக்குப் போனாள். அது அவள் கணவனின் அறை. இந்தப் படத்துக்கு ஒலி சேர்ப்பவன் அவன்தான். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, ஜன்னலே இல்லாமல், சூடான மெஷின் வாசனையும் பழைய கம்பள வாசனையும் கலந்து கிடந்த அந்த அறை அவள் காலடியை விழுங்கியது, மூச்சை விழுங்கியது, கடைசியில் காதுக்குள் ரத்தம் ஓடுவது மட்டும்தான் மிச்சமாகக் கேட்டது.

திரையில் காட்சியின் ஒலிப் பட்டியல் திறந்தே இருந்தது. கரண்டி, நம் சமையலறை. கனைப்பு, நம் படுக்கையறை. ஒவ்வொன்றுக்கும் தேதி. மூன்று வருடத் தேதிகள்.

அழுகை, குளியலறை.

அவள் அம்மா இறந்த வாரம் அது. யாருக்கும் கேட்கக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்ததும் அவன் ஒன்றும் கேட்காமல் கட்டிக்கொண்டான். அந்த அணைப்பை நம்பித்தான் அவள் அந்த வருடத்தைக் கடந்தாள். அப்படியென்றால் கதவுக்கு வெளியே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"காபி குடிக்க வந்தேன்மா. என்ன?"

"டெஸ்ட் ஷோவுல ஏழாவது சீட்ல யாரு உக்காந்தா?"

"ஒருத்தர் வரலன்னு புலம்பினியே. லைட்ட அணைச்சப்புறம் நான்தான் போய் உக்காந்து கிளிப்ப மாட்டிக்கிட்டேன்."

அவள் திரையில் இருந்த தேதிகளை மறுபடி பார்த்தாள்.

"நீ எங்கம்மா இருக்க?"

"என் ரூம்ல."

"பொய் சொல்லாத. உன் ரூம்ல குரல் லேசா எதிரொலிக்கும். இது என் ரூம்." அவன் கோபப்படவில்லை. "நீதானே சொன்ன, கத்தி எல்லாம் சும்மா, தினம் தினம் கேக்கற சின்னச் சத்தம்தான் மனுஷன வெறியேத்தும்னு. எவ்வளவு சரியா சொன்ன."

"அதுக்கு என் அழுகையா கிடைச்சுது?"

"வேற யாரு அழுதாலும் எனக்கு ஒண்ணும் ஆகலம்மா."

அவன் குரலுக்குப் பின்னால் தெரு இல்லை. வண்டி இல்லை. ஒரு தம்ளர் சத்தம்கூட இல்லை. அவள் நின்ற அறையில் இருந்த அதே செத்த அமைதி.

போனை வைத்துவிட்டான்.

பட்டியலில் கடைசி வரி மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. அலறல், தற்காலிகம். நிஜமான ஒலி பதிவாகும்வரை இடத்தை நிரப்ப எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவைப்பார்கள். அசல் வந்ததும் தூக்கிவிடுவார்கள். பக்கத்தில் அசல் பதிவாகும் தேதி.

இன்றைய தேதி.

மேஜைமேல் இருந்த மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் எதையும் தொடவில்லை.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. சத்தமே இல்லை. காது மட்டும் அடைத்தது.

கத்தக்கூடாது. என்ன ஆனாலும் கத்தக்கூடாது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சை நிறுத்தினாள்.

கழுத்தில் சூடான மூச்சு.

அவள் தோளைத் தாண்டி ஒரு கை நீண்டது. மைக்கை மெல்ல அவள் வாய்க்கு நேராகத் திருப்பியது. பிறகு, மிகப் பொறுமையாக, அவள் விரல்களை ஒவ்வொன்றாக வாயிலிருந்து விலக்கியது.