வாழைப்பழத்தில் ஐந்து புள்ளிகள்

ஏரியிலிருந்து ஓவியரை வெளியே இழுத்தபோது, பல நாட்கள் ஊறியிருந்தார்.

"எந்த நாள் செத்தார்னு எமனைத்தான் கேக்கணும்," என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

சந்தேகம் ஒரே ஆள் மேல்தான். ஆர்ட் கேலரி முதலாளி!

ஓவியரின் பெயரில் போலிப் படங்கள் விற்ற குட்டு உடைந்ததும், 'திங்கட்கிழமை வர்றேன்... பேசித் தீர்த்துக்கலாம்' என்று போனில் சொன்னவர். ஆனால் திங்கட்கிழமை முழுக்க அவர் தங்களோடு சீட்டாடியதாக நான்கு பேர் சத்தியம் செய்தார்கள்.

நாலும் பச்சைப் பொய். நிரூபிக்கத்தான் வழியில்லை.

ஓவியரின் மனைவியோ, அவனை உள்ளே தள்ளாமல் ஓய்வதில்லை என்று தீர்மானித்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் முதலாளியை ஓவியரின் அறைக்கே வரவழைத்தார்.

ஸ்டாண்டில் கடைசி ஓவியம். எண்ணெய் வண்ணம். தட்டில் ஆப்பிள், திராட்சை, வாழைப்பழம்.

"படத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க சார்."

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை.

"அந்தத் திராட்சை மேல வெள்ளையாப் படிஞ்சிருக்கு பாருங்க... விரல் பட்டா அழிஞ்சிடும் போல இல்ல? ஆப்பிளோட சிவப்பு தட்டுலயும் லேசா விழுந்திருக்கு. கண்ணுல படாத ஒரு புள்ளியைக்கூட வைக்க மாட்டார். பழம் வாடினா, படத்தையும் வாட வைப்பார்."

இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

"வாழைப்பழத்துல அஞ்சு கறுப்புப் புள்ளி இருக்கே..."

"திங்கட்கிழமை காலையில, அக்கா வீட்டுக்குக் கிளம்பறப்ப நான் வாங்கி வெச்ச பழம்," என்றாள் மனைவி. "அன்னிக்கு ஒரு புள்ளிகூட இல்ல. புள்ளி விழ மூணு நாளாவது ஆகும்."

"அப்ப வியாழக்கிழமை வரைக்கும் உயிரோட இருந்திருக்கார். வியாழக்கிழமை நீங்க எங்க சார் இருந்தீங்க?"

முதலாளி படத்தை உற்றுப் பார்த்தார். வியாழக்கிழமைக்கு அவரிடம் ஒரு சாட்சிகூட இல்லை.

"இது... பித்தலாட்டம்."

"கண்ணுல படாததை வைக்க மாட்டார்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் பார்த்தப்ப புள்ளியே இல்லய்யா! திங்கட்கிழமை தண்ணிக்குள்ள போனவன், வியாழக்கிழமை எந்திரிச்சு வந்து புள்ளி வெச்சானா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"அவர் திங்கட்கிழமை தண்ணிக்குள்ள போனது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

விலங்கு வந்தது.

ஜீப் புறப்பட்டதும் மனைவி உடைந்து அழுதாள். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை.

இன்ஸ்பெக்டர் ஒரு புள்ளியைத் தொட்டார்.

விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது... ஈரம்!

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நேத்து சாயங்காலம் நான் வெச்சது சார். என்னையும் கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. வருத்தமில்ல."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையில் விரலை அழுத்தித் துடைத்தார். வாசல் வரை போனவர், திரும்பினார்.

"ஃபேனைப் போடுங்கம்மா... கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள காயணும்."